காளான் பையில் ஓடும் வெள்ளை நூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். பை வாங்க வருகிறவர்கள், பழக வருகிற பெண்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் என்று ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நொந்து போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

பாடப்புத்தகம் பூஞ்சண இழை என்று சொல்வதை நான் பெரும்பாலும் நூல் என்றே எழுதுகிறேன். நூல்கள் பின்னிக் கிடக்கும் பரப்புத்தான் பூஞ்சணவலை. மைக்ரோமீற்றர் என்றால் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1. அக்கா, பைக்குள்ள வெள்ளையா ஓடுறது காளானின்ர வேரோ?

வேர் இல்லை. அதுதான் பங்கசு. நாங்கள் பறித்துக் கறி வைக்கிற காளான் அதன் காய் மாதிரி. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, இந்த வெள்ளை வலைக்குக் காளான் அப்படி. காய் பறித்தாலும் மரம் நிற்கும். அதனால்தான் ஒரே பையில் இரண்டு மூன்று தடவை பறிக்க முடிகிறது.

வெள்ளைப் பஞ்சாகத் தெரிவது ஆயிரக்கணக்கான குழாய்கள். ஒரு நூலின் அகலம் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீற்றர் வரை. தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. நூல் வெளியே நொதியத்தைக் கக்கி, மரத்தூளைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. வயிறு வெளியே இருக்கிற உயிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஓரிடத்தில் சாப்பாடு முடிந்தால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். காலில்லாத ஒன்று நகர்வதற்கு வளர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

2. நூல் எந்தப் பக்கத்தால வளருது, அடியிலயோ நுனியிலயோ?

நுனியில். நுனியில் மட்டும். எங்கள் தலைமயிர் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்; மருதாணி போட்ட முடி கீழே இறங்கிக்கொண்டு போவது அதனால்தான். நூலில் இது தலைகீழ். பின்னால் உள்ள பகுதி இருந்த இடத்திலேயே இருக்க, முன்னால் உள்ள நுனி மட்டும் புதிதாகக் கட்டிக்கொண்டு போகும்.

இதை 1892இலேயே ரைன்ஹார்ட் என்ற ஜேர்மன்காரர் எழுதிவிட்டார். 1969இல் பார்ட்னிக்கி-கார்சியாவும் லிப்மனும் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைப் பொருளை ஒரு பங்கசுக்குக் கொடுத்து, அது சுவரில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். நுனியின் கடைசி ஒரு மைக்ரோமீற்றருக்குள்தான் மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது. இனி வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த ஒரு மைக்ரோமீற்றரைப் பற்றியவை.

3. எவ்வளவு வேகமா ஓடும்?

என் கொட்டிலில் பைக்கு வெளியே மார்க்கர் பேனையால் தினமும் கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல காலநிலையில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீற்றர். சோளகக் காலத்தில் கொட்டில் கொதிக்கும்போது கோடுகள் நெருங்கிவிடும். நனைத்த சாக்குத் தொங்கவிட்டால் கொஞ்சம் மீளும்.

ஓட்டப்போட்டி என்றால் நியூரோஸ்போராதான் முதலாவது. பாணிலும், சிலவேளை எங்கள் காளான் வித்துப் போத்தலிலும் செம்மஞ்சள் மாவாகப் பூக்கிற கள்ளன் அது. மணிக்கு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர், அதாவது செக்கனுக்கு ஒரு மைக்ரோமீற்றர் போகும். தன் அகலத்தைப் பத்துப் பதினைந்து செக்கனில் கடந்துவிடுகிறது என்று கணக்குப் பாருங்கள்.

4. சுவர் இறுக்கமா இருக்கெண்டும் சொல்லுறீங்கள், நீளுதெண்டும் சொல்லுறீங்கள். எப்பிடி ரெண்டும்?

மண்வீட்டுக்குச் சுவர் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுகமாக விளங்கும். குழைத்த மண்ணைப் படை படையாக வைத்துக்கொண்டு போவோம். இன்று வைத்த மேல்படை விரல் வைத்தால் அமுங்கும். முந்தநாள் வைத்தது முட்டினால் தோள் நோகும். இரண்டும் ஒரே மண்தான், வைத்த நேரம்தான் வேறு.

நூலின் சுவரில் முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று கைற்றின், இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிற அதே சாமான். மற்றது குளுக்கான். நுனியில் இரண்டும் புதிதாக வந்து இறங்கும்போது ஒன்றோடொன்று பிணையாமல் இருக்கும், அதனால் சுவர் இளக்கம். நுனி முன்னேற முன்னேற அந்தச் சுவர் பக்கவாட்டுக்கு வந்து, கைற்றினும் குளுக்கானும் பிணைந்து இறுகிவிடும். நெதர்லாந்தில் வெசல்ஸும் கூட இருந்தவர்களும் 1980களில் இதைக் காட்டினார்கள். அவர்கள் எடுத்த பங்கசு எங்கள் வளவிலும் இருக்கிறது: பட்டுப்போன மாங்கொம்பில் சாம்பல் வெள்ளை விசிறியாக, அடியில் பிளந்த மடிப்போடு முளைக்கிற சின்னக் காளான்.

இறுகிய சுவரை நுனியில் நொதியங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இளக்குகின்றன என்று இன்னொரு கட்சியும் உண்டு. கிளை விடும் இடத்தில் அப்படி வெட்டித்தான் ஆக வேண்டும். நேராக ஓடும் நுனிக்கு எனக்கு மண்சுவர்க் கதையே போதுமாகத் தெரிகிறது.

5. உள்ளுக்க இருந்து தள்ளுறது காத்தோ தண்ணியோ?

தண்ணீர். நூலுக்குள் உப்பும் சர்க்கரையும் வெளியே இருப்பதைவிடச் செறிவாக இருப்பதால் தண்ணீர் உள்ளே புகுந்து சுவரை நெருக்கும். பாடத்தில் வீக்க அமுக்கம் என்று வருவது இதுதான். சாதாரண நூலில் இது வளிமண்டல அமுக்கத்தின் 4, 5 மடங்கு. மோட்டார் சைக்கிள் ரயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று அதில் பாதிதான்.

அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தான் தள்ளுகிறது. இளகிய இடம் நுனி மட்டும் என்பதால் நுனி மட்டும் விட்டுக்கொடுக்கிறது. வளரும் நூலின் மேல் திடீரென்று வெறும் தண்ணீரை ஊற்றினால் நுனி பட்டென்று வெடிப்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். வெடிப்பது எப்போதும் நுனிதான், நடுவில் இல்லை.

6. நுனிக்குச் சாமான் ஆர் கொண்டு போறது?

சுவர் கட்டும் பொருளும் அதைக் கட்டும் நொதியங்களும் சின்னச் சின்னப் பொதிகளாக, மென்சவ்வால் சுற்றப்பட்டு, பின்னால் இருந்து வருகின்றன. தூரப் பயணத்துக்கு நுண்குழாய்கள் என்ற தண்டவாளங்கள். நுனிக்குக் கிட்ட வந்ததும் அற்றின் என்ற மெல்லிய இழைகளுக்கு மாறும். ஏ-9 வீதியால் லொறியில் மாங்குளம் வரை வந்த சீமெந்து, அங்கிருந்து லாண்ட்மாஸ்ரரில் ஏறி உள் ஒழுங்கைக்குப் போகிற மாதிரி.

வேகமாக ஓடும் ஒரு நியூரோஸ்போரா நுனிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 38,000 பொதிகள் வந்து சேர வேண்டும் என்று 1974இல் கணக்கிட்டார்கள். ஒரு நுனிக்கு, ஒரு நிமிடத்துக்கு. முதல் தடவை படித்தபோது பூச்சியம் ஒன்று கூடிவிட்டதோ என்று திரும்பப் பார்த்தேன்.

வந்த பொதிகள் நேரே சுவருக்குப் போவதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு இடத்தில் கூடி, அங்கிருந்து பிரிந்து போகின்றன. இந்தக் கூட்டத்துக்கு ஸ்பிற்சன்கோப்பர் என்று பெயர், ஜேர்மன் மொழியில் நுனி உடல் என்று அர்த்தம். புருன்சுவிக் 1924இல் சாயமேற்றிய நூலில் கண்டு பெயர் வைத்தார். உயிரோடு ஓடும் நூலில் அது எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே நூலும் திரும்புகிறது என்று 1957இல் கிர்பார்ட் கண்டார். நான் அதைக் களஞ்சியம் என்று எழுதுகிறேன்.

7. சரி, ஏன் குழாயா வருது? பந்து மாதிரி வீங்கினா என்ன?

பந்தாகவும் வீங்கும். ஒரு வித்தி, அதாவது பங்கசின் விதை போன்ற தூள்மணி, முளைக்கத் தொடங்கும்போது முதலில் எல்லாப் பக்கமும் வீங்கி உருண்டையாகத்தான் நிற்கும். பிறகுதான் ஒரு பக்கத்தால் குழாய் புறப்படும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று 1989இல் பார்ட்னிக்கி-கார்சியாவும் ஹேர்கெர்ட், கியர்ஸ் என்ற இருவரும் ஒரு கணினி மாதிரியால் காட்டினார்கள்.

வெங்காயத் தோட்டத்தில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் விசிறும் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் நனைந்த நிலம் வட்டமாக இருக்கும். அதே கருவியைச் சுற்றவிட்டபடியே நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போனால் நனைந்த நிலம் நீளப் பட்டையாக வரும், பட்டையின் முன்பக்கம் மட்டும் வளைந்து முட்டாக்கு மாதிரி இருக்கும். களஞ்சியமும் இப்படித்தான். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பொதிகளை வீசுகிறது. நின்ற இடத்தில் நின்றால் உருண்டை, நேராக நகர்ந்தால் குழாய். அந்தக் கணக்கில் வருகிற முன்பக்க வளைவை நுணுக்குக்காட்டிப் படத்தின் மேல் வைத்தால் அச்சொட்டாகப் பொருந்தியது.

இது வடிவத்தின் கணக்கு மட்டும். 5ஆம் பதிலில் சொன்ன அமுக்கமோ 4இல் சொன்ன இறுகலோ இதற்குள் இல்லை. அந்தக் குறையைச் சொல்லித் திட்டுகிறவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இவ்வளவு எளிமையான ஒரு யோசனை இவ்வளவு சரியாக ஒரு உயிரின் உருவத்தைத் தருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

8. அப்ப தடிப்பு? வேகமா ஓடுற நூல் மெல்லிசா இருக்க வேணுமே?

நல்ல கேள்வி. கேட்டது உயர்தரத்தில் கணிதம் படிக்கிற தம்பி, உயிரியல் பிள்ளைகள் கேட்கவில்லை. அந்த மாதிரியின்படி, களஞ்சியத்துக்கும் நுனிக்கும் இடையே உள்ள தூரம் = நிமிடத்துக்கு வீசப்படும் பொதிகளின் அளவு ÷ களஞ்சியம் நகரும் வேகம். நூலின் அகலம் அந்தத் தூரத்தின் 2π மடங்கு. தூரம் 1 மைக்ரோமீற்றர் என்றால் அகலம் சுமார் 6.3 மைக்ரோமீற்றர்.

ஆக, பொதி வரவு மாறாமல் வேகம் மட்டும் கூடினால் தம்பி சொன்னது சரி, நூல் மெலியும். வேகம் குறைந்தால் நுனி வீங்கும். இரண்டும் சேர்ந்து இரட்டித்தால் அகலம் மாறாது, ஓட்டம் மட்டும் இரண்டு மடங்காகும். உண்மையில் வேகமாக ஓடும் நியூரோஸ்போராவின் முன்னணி நூல்கள் தடித்தவை. அவற்றுக்குப் பின்னால் நீண்ட தூரத்திலிருந்து சாமான் வந்துகொண்டிருக்கிறது.

9. இடையில ஒரு கட்டை இருந்தா வளைஞ்சு போகுது. கண் இல்லாம எப்பிடி?

களஞ்சியம் இடம் மாறுகிறது, நூல் அதன் பின்னால் போகிறது. 1990களில் அமெரிக்காவில் லேசர் ஒளிக்கற்றையால் களஞ்சியத்தை மெல்ல ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தார்கள். நூலும் அதே பக்கம் திரும்பி ஓடியது. மாட்டின் மூக்கணாங்கயிறு அங்கேதான் இருக்கிறது.

களஞ்சியத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதில் பல கைகள் உண்டு. நுனியின் உட்பக்க மென்சவ்வில் கூடி நின்று "இதுதான் முன்பக்கம்" என்று குறிக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு சிடிசி42 என்று பெயர், மனிதக் கலத்திலும் அதன் சொந்தக்காரர் உண்டு. நுனியில் கல்சியம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருப்பதும் ஒரு அடையாளம். நுண்குழாய்களைக் குலைத்தால் நூல் வளரும், ஆனால் கள்ளுக் குடித்தவர் மாதிரி வளைந்து வளைந்து போகும்.

10. கிளை எப்ப விடும்?

நுனியால் செலவழிக்க முடியாத அளவுக்குச் சாமான் சேரும்போது. அப்போது பின்னால் ஒரு இடத்தில் புதுக் களஞ்சியம் உருவாகி, இறுகிய சுவர் இளகி, புது நுனி புறப்படும். 1970களில் ட்ரின்சி என்பவர் ஒரு இளம் வலையின் மொத்த நூல் நீளத்தை நுனிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார். ஆரம்ப ஆட்டம் அடங்கியதும் அந்த எண் மாறாமல் நின்றது. ஒவ்வொரு நுனிக்கும் இவ்வளவு நீள நூல் உழைத்துக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாடு நிறைய உள்ள இடத்தில் கிளை அடர்த்தி, பஞ்சம் உள்ள இடத்தில் நீண்ட மெல்லிய ஓட்டம். தவிடு நன்றாகச் சேர்ந்த பையும் தவிடு குறைந்த பையும் பக்கத்தில் இருந்தால் கண்ணாலேயே தெரியும்: ஒன்று சுண்ணாம்பு பூசியது போல, மற்றது சிலந்திவலை போல. சிலந்திவலையாக ஓடுவதுதான் சில வேளை முதலில் அடியைத் தொடும். அதைப் பார்த்து நல்ல பை என்று ஏமாற வேண்டாம்.

11. நூலும் நூலும் முட்டினா என்ன நடக்கும்?

ஓரத்தில் ஓடுபவை ஒன்றையொன்று விலத்தும், சாப்பாட்டுக்குப் போட்டி. உள்ளே பழைய பகுதியில் இருப்பவை தேடிப் போய் ஒட்டி ஒரே குழாயாகிவிடும். அதனால்தான் அது மரம் போல் இல்லாமல் வலை போல் ஆகிறது. ஒரு மூலையில் கிடைத்த சாப்பாடு மறு மூலைக்குப் போக வழி உண்டு.

நியூரோஸ்போராவின் இளம் முளைகள் ஒட்டப் போகும்போது நடப்பதை 2009இல் கண்டார்கள். இரண்டு நுனிகளும் மாறி மாறிச் செய்தி அனுப்புகின்றன. ஒன்று பேசும்போது மற்றது கேட்கிறது, பிறகு மாறுகிறது. எங்கள் வீட்டில் கூட அவ்வளவு ஒழுங்கு இல்லை. சொந்தம் இல்லாத நூல்கள் ஒட்டினால் ஒட்டிய இடம் செத்துப்போவதும் உண்டு.

12. வித்துப் போடேக்க நூலெல்லாம் அறுந்து போகுதே, சாகாதோ?

அறுந்த முனை சாகும், மற்றது பிழைக்கும். நூலுக்குள் இடைக்கிடை குறுக்குச் சுவர்கள் உண்டு, நடுவில் துளையோடு. நியூரோஸ்போரா வகையில் அறுபட்டவுடன் ஒரு சின்ன அடைப்பான் அந்தத் துளைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். சைக்கிள் ரியூப்புக்குத் தானே ஒட்டுப் போடுவது போல. சிப்பிக்காளான் வகையில் துளையின் அமைப்பு வேறு, பீப்பா மாதிரி விளிம்பு வீங்கியிருக்கும். அதுவும் அடைபடும்.

பாணில் கறுப்புத் தலையோடு வரும் சாம்பல் பூஞ்சணத்துக்குப் பொதுவாக இந்தக் குறுக்குச் சுவர்கள் இல்லை. பரீட்சையில் வரும் வித்தியாசம் இது.

13. வெள்ளைக்கு மேல தண்ணி ஊறாம முத்து மாதிரி உருண்டு நிக்குது. பழுதோ?

பழுதில்லை. ஈரத்துக்குள் இருக்கும் நூல் காற்றுக்குள் தலை நீட்ட வேண்டுமென்றால் தண்ணீரின் மேற்பரப்பை உடைக்க வேண்டும். அதற்கு ஒரு வகைப் புரதத்தை வெளியே விடுகிறது. அது தண்ணீர்ப் பரப்பின் இழுவையைத் தளர்த்தி, வெளியே வந்த நூலுக்கு மழைக்கோட்டாகவும் மாறிவிடுகிறது. 4ஆம் பதிலில் சொன்ன மாங்கொம்புக் காளானில்தான் 1999இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மஞ்சளாகக் கசிந்து நாறும் நீர் வேறு கதை, அந்தப் பையைத் தள்ளி வையுங்கள்.

14. நூல்தான் எல்லாம் எண்டா, குடை எங்கயிருந்து வருது?

குடையும் நூல்தான். தண்டைக் கையால் நீளவாக்கில் கிழித்தால் நார் நாராக வருவது அதனால். ஆயிரக்கணக்கான நூல்கள் முடிச்சாகச் சேர்ந்து, ஒட்டி, மொட்டாகின்றன. உருவம் மொட்டிலேயே பெரும்பாலும் தயாராகிவிடும். பிறகு நூல்கள் தண்ணீரை இழுத்துப் புடைக்கின்றன. மழைக்கு அடுத்த நாள் விடிய, புற்றில் காளான் திடீரென்று நிற்பதன் இரகசியம் இந்தப் புடைப்பு.

இந்த உருவத்தைக் காற்றும் வெளிச்சமும் மாற்றும். எனக்கு இது பணம் கொடுத்துப் படித்த பாடம். ஒரு மார்கழியில் வாடைக் காற்றுக்குப் பயந்து கொட்டிலை உரப்பையால் இறுக்கி மூடினேன். ஐந்து நாளில் நீளமான தண்டும் சட்டைப் பொத்தான் அளவு தலையுமாக, மேளம் அடிக்கும் தடி போல் வந்தன. பைகள் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டு வெளியேற வழியில்லை. செறிவு கூடினால் தண்டு காற்றைத் தேடி நீளும், தலை விரியாது. கடைக்காரர் ஒரு கிலோ கூட எடுக்கவில்லை.

15. எரிபந்தம் நெல்லு இலையைத் துளைக்குதே, அந்த மெல்லிய நூலால எப்பிடி?

தமிழ்நாட்டில் குலை நோய் என்பார்கள், இங்கே எரிபந்தம். காலபோகத்தில் பனியும் முகிலுமாக இருந்தால் இலையில் இரு முனையும் கூர்ந்த கண் போன்ற புள்ளி வரும். இந்தப் பங்கசு இலையில் முளைத்ததும் குழாயின் நுனி ஓடுவதை நிறுத்தி ஒரு குமிழாக வீங்குகிறது. 7ஆம் பதில்: களஞ்சியம் நின்றால் உருண்டை. குமிழின் சுவருக்கு மெலனின் பூசுகிறது, எங்கள் தோலுக்குக் கறுப்பு நிறம் தருகிற அதே வகைப் பொருள். மெலனின் பூசிய சுவர் தண்ணீரை விடும், கிளிசரோலை வெளியே விடாது. உள்ளே கிளிசரோல் சேரச் சேரத் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும்.

1991இல் அளந்தபோது அமுக்கம் 8 மெகாபாஸ்கல் வரை போனது. வளிமண்டல அமுக்கத்தின் சுமார் 80 மடங்கு. 5ஆம் பதிலில் சொன்ன 4, 5 மடங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குமிழின் அடியில் மட்டும் மெலனின் இல்லாத ஒரு புள்ளி. அதன் வழியே ஊசி போன்ற நூல் இலைக்குள் இறங்கும். ட்ரைசைக்கிளசோல் என்ற மருந்து பங்கசை நேரே கொல்வதில்லை, மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. குமிழ் இருக்கும், அமுக்கம் ஏறாது. நோய் நன்றாகப் பரவிய பிறகு அடித்துவிட்டு மருந்து சரியில்லை என்று திட்டுவதில் பயனில்லை, துளை விழுந்து முடிந்திருக்கும்.

16. துரு நோயும் அப்பிடித் துளைக்குமோ?

பெரும்பாலும் இல்லை, திறந்த கதவைத் தேடும். போஞ்சித் துருவின் நூல் இலையின் மேல் ஓடும்போது தரையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்க்கிறது. இலைவாயின் உதட்டில் ஏறக்குறைய அரை மைக்ரோமீற்றர் உயரமான விளிம்பு உண்டு. அது பட்டதும் நின்று குமிழாகி உள்ளே இறங்கும். 1987இல் இலையே இல்லாமல் பிளாஸ்ரிக்கில் அதே உயரத்துக்கு விளிம்பு செதுக்கி வைத்தபோதும் ஏமாந்து குமிழ் விட்டது. உயரம் கூடினாலும் குறைந்தாலும் அவ்வளவாக ஏமாறவில்லை.

17. கள்ளில இருக்கிற மதுவமும் பங்கசெண்டு ரீச்சர் சொன்னவா. அதுக்கு நூல் எங்க?

ரீச்சர் சொன்னது சரி. மதுவம் நூல் விடாமல் அரும்பி அரும்பிப் பிரிகிறது. அரும்பு தொடங்கும்போது அதுவும் நுனியில் வளரும், கொஞ்சத்தில் எல்லாப் பக்கமும் வீங்கும் முறைக்கு மாறிவிடும். சாப்பாட்டில் நைதரசன் குறைந்தால் சில மதுவங்கள் நீண்ட கலங்களைச் சங்கிலியாகக் கோத்து, நூல் போலவே ஊடுருவப் பார்க்கும். வாய்ப்புண் தரும் கன்டிடா உடல் வெப்பத்தில், இரத்த நீரின் தொடுகை பட்டால், உண்மையான நூலே விடும்.

18. வயல்ல, மேடையில நாத்து அழுகிறதும் பங்கசு தானே?

மிளகாய், கத்தரி நாற்றுமேடையில் நாற்று அடியில் நனைந்து சாய்ந்தால் பித்தியம் என்பதற்குப் பெரும்பாலும் பங்குண்டு. பார்த்தால் நூல்தான், நுனியால்தான் வளரும். ஆனால் பங்கசு இல்லை. சுவரில் பெரும்பங்கு கைற்றின் இல்லை, குளுக்கானும் செலுலோசும். பரம்பரையில் அது பழுப்பு அல்காக்களுக்குக் கிட்டின சொந்தம். பங்கசுக்கு அடிக்கும் சில மருந்துகள் இதைத் தொடாமல் விடுவதற்கு அதுதான் காரணம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 5ஆம் பதிலில் அமுக்கம் தள்ளுகிறது என்று எழுதினேன். இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு நீர்ப் பூஞ்சணங்கள் அளக்கக்கூடிய அமுக்கமே இல்லாமலும் வளர்கின்றன என்று 1993இல் மனியும் ஹரோல்டும் காட்டினார்கள். நுனிச் சுவரை மிகவும் இளக்கிக்கொண்டால் உள்ளிருக்கும் அற்றின் போன்ற சாமான்களே தள்ளிவிடப் போதும் போலிருக்கிறது. ஆகவே அமுக்கம் இல்லாவிட்டால் வளர்ச்சியே இல்லை என்று பரீட்சைத் தாளில் அடித்துச் சொல்ல வேண்டாம். இறுக்கமான பொருளைத் துளைப்பதற்கு மட்டும் அமுக்கம் வேண்டும்.

19. காளான் புழு தின்னுமாம், அப்ப வெள்ளிக்கிழமையில சமைக்கலாமோ?

சிரிக்காமல் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி இது. உண்மை என்னவென்றால், சிப்பிக்காளானின் நூல் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்களைப் பிடிக்கும். மரத்தில் நைதரசன் குறைவு, புழுவில் நிறைய. நூலின் பக்கத்தில் லொலிப்பொப் மாதிரி சின்ன உருண்டைக் கலங்கள் இருக்கும். புழு தொட்டால் அவை உடைந்து நஞ்சு பட்டு, அது சில நிமிடத்தில் அசைவற்றுப் போகும். பிறகு நூல் உடலுக்குள் புகும். 1984இலிருந்தே தெரிந்த சங்கதி. அந்த நஞ்சு 3-ஒக்டனோன் என்று 2023இல் கண்டார்கள். நாங்கள் சமைக்கிற காளானுக்குள் புழு இல்லை. வெள்ளிக்கிழமையை உங்கள் வீட்டு ஆட்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

20. இதையெல்லாம் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில பார்க்கேலுமோ?

களஞ்சியம் தெரியாது, அதற்கு வேறு வகை ஒளியமைப்பு வேண்டும். நூல், கிளை, ஓட்டம் எல்லாம் தெரியும். உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் கொஞ்சம் சீனியும் ஜெலி செய்யும் கடற்பாசியும் போட்டு பிரஷர் குக்கரில் அவியுங்கள். சுட்ட வழுக்கியின் மேல் ஒரு துளியை மெல்லியதாகப் பரப்பி, ஆறியதும் ஓரத்தில் ஒரு மணி காளான் வித்தை வையுங்கள். ஈரக் கடதாசி போட்ட மூடிய டப்பாவுக்குள் இரண்டு மூன்று நாள் விட்டால் நூல்கள் ஓடத் தொடங்கும். பச்சை நிறம் கண்டால் எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

400 மடங்கில் வைத்து ஒரு நுனியைப் பிடியுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. தூக்கி அசைத்த அதிர்ச்சியில் நூல் சில நிமிடங்கள் நிற்கலாம், பொறுத்திருங்கள். சிப்பிக்காளான் நூல் நிமிடத்துக்கு 4, 5 மைக்ரோமீற்றர் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் நுனியின் இடத்தைக் கீறினால் அரை மணித்தியாலத்தில் பார்வை வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கடந்திருக்கும். குறுக்குச் சுவர் இருக்கும் இடங்களில் நூலின் பக்கத்தில் சின்ன வளையக் கைபிடி மாதிரி ஒரு புடைப்பும் தெரியும். போன மாதம் ஒரு பிள்ளை அதைக் கண்டு "ரீச்சர், கேத்தில் பிடி" என்று கத்தினாள். சோடியாக இருக்கும் இரண்டு கருக்களில் ஒன்றின் பிள்ளை பின்னால் உள்ள கலத்துக்குப் போய்ச் சேர நூல் கட்டிக்கொள்ளும் பக்கவழி அது. அவள் அன்று பின்னேரம் வரை பதினேழு பிடி எண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.